தோணியும் சுங்கமும்



வானவெளிப் பயணங்களைப் பொருளாகக் கொண்ட கதைகளையும் திரைப்படங்களையும் நீங்கள் விரும்பிப் பார்க்கிறீர்கள். அவற்றுள் 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' உலகெங்கும் பெயர் பெற்றது. அப்படத்தில் 'மில்லேனியம் ஃபால்கன்' என்று ஒரு விண்கலம் வருகிறது. போருக்கென்று கட்டிய கலம் அன்று அது. சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட சிறு கலம். உடையவன் தன் தேவைக்கேற்ப அதன் எந்திரத்தை மாற்றிக்கொள்கிறான். தளத்தின் அடியில் மறைவறைகள் அமைத்துக்கொள்கிறான். ஹான் சோலோ என்னும் கடத்தற்காரன் அதன் தலைவன். பேரரசின் காவற்கலங்கள் துரத்தத் துரத்த அது தப்பிச் செல்கிறது. பார்ப்போர் மகிழ்ந்து ஆரவாரம் செய்கிறார்கள்.

இக்கற்பனைக்கு வித்து மண்ணுலக வரலாற்றிலேயே இருக்கிறது. ஓரிருவர் முதல் பத்துப் பன்னிருவர் வரை செலுத்தக்கூடிய சிறிய சரக்குக் கலமும், ஆயத்துறையின் கண்ணுக்குத் தப்பி அதனைச் செலுத்தும் மாலுமியும் உலகின் பல கடற்கரைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையில் அத்தகைய கலத்துக்குத் தோணி என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நாட்டுக்கு நெல்லும் உப்பும் சுமந்த அக்கலம் சில காலங்களில் மட்டும் கள்ளக் கலம் என்று பெயர் வாங்கியது ஏன்? கலம் மாறியதா? மாலுமி மாறினானா? அல்லது வேறு ஏதேனும் மாறியதா? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை இன்று ஆராய்வோம்.

கடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் தரையில் ஓர் ஊரை நினைவுபடுத்த விரும்புகிறேன். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் குள்ளஞ்சாவடி இருக்கிறது. வடலூருக்கும் நெய்வேலிக்கும் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். 1956-ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு இச்சாலையின் பெருமை வளர்ந்தது என்றாலும், அதற்கு நெடுங்காலம் முன்பே உள்நாட்டு விளைபொருள்கள் கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்லும் வழி இது. செம்மண் மேட்டில் விளைந்த மணிலாக் கொட்டையும் முந்திரியும் ஆற்றுப்பாய்ச்சலில் விளைந்த நெல்லும் மாட்டு வண்டிகளில் ஏறிக் கடலூர்த் துறைமுகத்துக்கும் புதுச்சேரிக்கும் சென்றன. தென்னார்க்காட்டு மணிலாக் கொட்டை புதுச்சேரியிலிருந்து பிரான்சு நாட்டு மார்சேல் நகரம் வரை பயணம் செய்தது.

ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் சாவடி என்ற சொல்லைக் கவனியுங்கள். வழிப்போக்கர் தங்கும் இடமும் சாவடி. ஊரார் கூடிப் பேசும் பொது இடமும் சாவடி. சரக்குக்கு வரி கொள்ளும் இடமும் சாவடி. இன்றும் நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடி என்று சொல்லி வருகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் சாலைகளில் சாயர் வரி என்னும் உள்நாட்டுச் சுங்கம் வாங்கப்பட்டது. ஒரு மூட்டைத் துணி நெசவாளன் வீட்டிலிருந்து துறைமுகம் சேர்வதற்குள் இடையில் நிறுத்தப்பட்டுச் சீட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வரியைக் காட்டிலும் காத்திருப்பும் கையூட்டுமே வணிகருக்குப் பெருந்துன்பமாயின. 1844-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டத்தால் இவ்வுள்நாட்டுச் சுங்கம் நீக்கப்பட்டது. அதன்பின், அச்சுங்கத்துக்கு அஞ்சி இரவில் குறுக்குப் பாதையில் வண்டி ஓட்ட வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலிலும் இதே நியாயம் நடக்கக் காண்போம்.

இனித் தோணியைப் பார்ப்போம். திரிகோணமலையில் ஆங்கிலக் கடற்படையின் கப்பல் தச்சுத் தலைவராக இருந்த ஜான் எடை என்பவர், சோழமண்டலம், மலையாளம், இலங்கை ஆகிய கரைகளின் நாட்டுக் கலங்களை அளந்து வரைந்து 1834-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட சோழமண்டலத் தோணி ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் 12 அடி ஆழமும் உடையது; பேழை போன்ற வடிவம்; தட்டையான அடிப்பாகம். சரக்கில்லாதபோது நீரில் 4 அடியளவே ஆழும். நிறைய ஏற்றினால் 9 அடி ஆழும். அரசாங்கப் போர்க்கப்பல்களைக் கட்டிப் பழகிய அவர் கண்களுக்கு அது கரடுமுரடான வேலையாகவே தோன்றியது. ஆனால் அவர் குறித்த அளவுகளே தோணியின் சிறப்பைச் சொல்லிவிடுகின்றன.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களில் மணல் குவிந்து வாயை அடைத்துக்கொள்கிறது. கடலூரில் கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேருமிடத்திலும் இதே நிலை. ஆழ்ந்து மிதக்கும் பெரிய கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டும். தட்டையான அடிப்பாகம் கொண்ட தோணியோ நீர்ப்பெருக்குக் காலத்தில் மணல்மேட்டைக் கடந்து ஆற்றுக்குள்ளேயே வந்துவிடும். நீர் வற்றித் தரை தட்டினாலும் சாய்ந்து விழாமல் நிமிர்ந்து நிற்கும். சுங்க மேடையும் பாரந்தூக்கியும் இல்லாத சிற்றூர்க் கரையில்கூட அதில் சரக்கு ஏற்றலாம்.

இரண்டாவது சிறப்பு அதன் நெகிழ்ச்சி. தோணியின் உட்பகுதி பெரும்பாலும் திறந்த ஒரே சரக்கறை. இன்று உப்பு, நாளை ஓடு, மறுநாள் கருவாடு, அடுத்த மாதம் பர்மாத் தேக்கு என்று எதை வேண்டுமாயினும் ஏற்றலாம். நெல் ஏற்றும்போது ஓலைப் பாயால் உள்ளே தடுப்புக் கட்டுவர். மரம் ஏற்றும்போது அதை அவிழ்த்துவிடுவர். ஒடிந்த பாய்மரத்தை எந்தக் கரையிலும் உள்ளூர்த் தச்சனைக் கொண்டு மாற்றிவிடலாம். தண்டல் என்னும் தலைவனின் கீழ் ஒரு சிறு குழுவே கலம் முழுவதையும் நடத்தும். காற்றுக்குக் கூலி இல்லை. ஆதலால் பெருங்கப்பல்கள் திரும்பிப் பாராத சிறு சரக்குகளையும் தோணி ஏற்றிச் சென்றது.

சிறுமை, நெகிழ்ச்சி, ஆழமற்ற நீரில் செல்லும் ஆற்றல், துறைமுகம் வேண்டாத தன்மை, சில கைகளே போதுமான எளிமை ஆகிய இக்குணங்கள் நேர்மையான வணிகத்துக்காக நூற்றாண்டுகளின் பட்டறிவில் உருவானவை. கள்ளச் சரக்குக்கு வேண்டிய குணங்களும் இவையேயன்றி வேறில்லை. கத்தி ஒன்றே காய் நறுக்கவும் களவுக்குப் பூட்டை நெம்பவும் உதவுவதுபோல, தோணி ஒன்றே இரண்டு வாழ்க்கைக்கும் ஏற்றதாக இருந்தது. எந்த வாழ்க்கை வாய்க்கும் என்பதைக் கடல் தீர்மானிக்கவில்லை. கரையிலிருந்தவர்கள் வரைந்த கோடுகள் தீர்மானித்தன.

சுங்கம் என்பது வெள்ளையர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். உல்கு என்ற பெயரில் திருக்குறள் அதனை அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாகக் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் இறக்குமதிப் பொருள்களும் ஏற்றுமதிப் பொருள்களும் எண்ணிறந்து குவிந்து கிடந்ததையும், சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்ததையும் பட்டினப்பாலை எடுத்துரைக்கிறது. துறைமுகத்துக்குக் காவலும் கலங்கரை விளக்கமும் வேண்டும்; அவற்றுக்கு வரியும் வேண்டும். அதே வேளையில், 1070 முதல் ஏறத்தாழ 1120 வரை ஆண்ட முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. போர்களில் வென்ற மன்னன் ஒருவனை மக்கள் வரி நீக்கத்தால் நினைவு கூர்ந்தார்கள் என்றால், வணிக வாழ்வில் சுங்கம் எத்துணை ஆழமாகத் தைத்திருக்க வேண்டும் என்பதை நீங்களே உணரலாம்.

ஐரோப்பியர் வந்த பிறகு கோடுகள் பெருகின. இச்சிறு கரையில் தரங்கம்பாடி 1620 முதல் டேனியரிடமும், புதுச்சேரி 1674 முதல் பிரெஞ்சுக்காரரிடமும் இருந்தன. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். அதுவே புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்ந்தது. எவ்வளவு நிலம் என்பதை அளந்த முறைதான் வியப்புக்குரியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரையுள்ள ஊர்களைக் கம்பெனியார் தமதாக்கிக்கொண்டனர். குண்டு கிராமங்கள் என்று அவ்வூர்கள் வழங்கப்பட்டன. அதாவது, காலையில் ஓர் அரசின் கீழ் உழுதுகொண்டிருந்த குடியானவன் மாலையில் வேறோர் அரசின் கீழ் வீடு திரும்பினான். அவன் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையே ஒரு நாட்டெல்லை விழுந்துவிட்டது! நேற்று வரை வெறும் மூட்டையாக இருந்தது, கோட்டைத் தாண்டிய அளவில் வரிக்குரிய சரக்காகிவிட்டது.

உப்பின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். 1805-ஆம் ஆண்டில் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். கடலும் வெயிலும் இலவசமாகத் தரும் பொருள் அரசாங்கம் குறித்த விலைக்கே கிடைப்பதாயிற்று. ஆனால் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்த பிரெஞ்சு அளங்களில் உப்பு மலிவு. ஒரே கரையில் இரண்டு விலை என்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆங்கிலேயர் 1815-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்பி, பிரெஞ்சுப் பகுதியின் உப்பைத் தாமே வாங்கும் உரிமையைப் பெற்றனர். 1818-ஆம் ஆண்டில் அங்கு உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் செய்தனர். கடத்தலைத் துரத்துவதைவிட, விலை வேறுபாட்டின் ஊற்றை அடைப்பதே எளிது என்று அவர்கள் கண்டுகொண்டனர். ஆனால் அதற்கு விலையாக அளத்தொழிலாளர் பலர் தம் பிழைப்பை இழந்தனர்.

வட இந்தியாவில் ஆங்கிலேயர் வேறு வழியை நாடினர். உப்பும் சர்க்கரையும் வரியின்றிக் கடந்துவிடாதபடி உள்நாட்டில் ஒரு நெடுங்காவற்கோடு அமைத்தனர். 1869-ஆம் ஆண்டளவில் அது 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறத்தாழ 12,000 பேர் அதைக் காத்தனர். பல இடங்களில் முள்மரங்களை நெருக்கமாக வளர்த்து ஆளுயர வேலியாகவே ஆக்கியிருந்தனர். மாகாணங்களுக்கிடையே உப்பு வரியை ஏறத்தாழச் சமமாக்கிய பின்பு, 1879-ஆம் ஆண்டில் அக்கோட்டைக் கைவிட்டனர். வரி சமமானவுடன் வேலிக்கு வேலையில்லை.

இங்கிலாந்தின் வரலாறும் இதையே கூறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தேயிலையும் பிராந்தியும் கள்ளத்தனமாக வந்து இறங்கின. கடத்தற்காரர் தம் படகுகளில் துடுப்புகளைக் கூட்டி விரைவு பெற்றபோது, நான்கு துடுப்புகளுக்கு மேற்பட்ட படகுகளைக் குறித்த கரைகளில் பறிமுதல் செய்யலாம் என்று 1721-ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். படகின் அமைப்பையே குற்றமாக்கிப் பார்த்தும் கடத்தல் நிற்கவில்லை. 1784-ஆம் ஆண்டில் தலைமையமைச்சர் பிட், தேயிலை மீதிருந்த நூற்றுக்கு 119 என்ற வரியைப் பன்னிரண்டரை ஆகக் குறைத்தார். தேயிலைக் கடத்தல் சரிந்தது. பல்லாண்டுகளாகக் காவற்படகுகள் செய்ய முடியாததை ஒரு வரிக்குறைப்புச் செய்து முடித்தது.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து சென்று வேதாரணியத்தில் உப்பெடுத்தார். அன்றைய சட்டத்தின்படி அந்தப் பிடி உப்பும் கள்ள உப்பே. ஆயினும் கடத்தற்காரனுக்கும் அறப்போர் வீரனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். கடத்தற்காரன் சட்டத்தை இருளில் மீறுகிறான். மீறுவதால் வரும் ஊதியத்தைத் தான் கொள்கிறான். அத்தொண்டர்கள் நாள் குறித்து, வழி அறிவித்து, பட்டப்பகலில் மீறினார்கள். அதனால் வந்த சிறையையும் அடியையும் தாமே ஏற்றார்கள். சட்டம் தீயது என்பதால் மட்டும் அதை மீறுவோர் அனைவரும் நல்லவர் ஆகிவிடமாட்டார். உப்பு வரி 1947-ஆம் ஆண்டில் நீங்கியது.

விடுதலைக்குப் பின்னும் கடலூரின் அண்டையில் ஒரு கோடு எஞ்சியிருந்தது. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருந்த நிலமன்று. இந்திய ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்த பல துண்டுகள். அவற்றுள் பாகூர்ப் பகுதி கடலூருக்கு வடக்கே மிக அருகில் உள்ளது. 1941-ஆம் ஆண்டில் இரு பகுதிகளுக்கும் ஏற்பட்டிருந்த சுங்க உடன்பாடு 1949-ஆம் ஆண்டில் முடிவுற்றது. பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் எழுந்தது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948-ஆம் ஆண்டில் வந்திருந்தமையால், கோட்டின் அப்பால் தாராளமாகக் கிடைத்த மது இப்பால் கள்ளச் சரக்காயிற்று. மதுவோடு தங்கமும் கைக்கடிகாரமும் வந்தன. வயல் வரப்பைத் தாண்டினால் போதும். அதற்குத் தோணிகூட வேண்டியதில்லை. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சுங்கக்கோடு மறைந்தது, தங்கமும் கடிகாரமும் அவ்வழி கடத்தப்படுவதற்குரிய காரணமும் மறைந்தது. ஆனால் மதுவுக்கான வரி இரண்டு ஆட்சிப் பகுதிகளிலும் வெவ்வேறாக நின்றமையால், மதுக் கடத்தல் மட்டும் அதன் பின்னும் தொடர்ந்தது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நில எல்லையில் கண்ட இந்த உண்மையே பாக்கு நீரிணையில் பெரிய அளவில் நிகழ்ந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இடையே மணல்திட்டுகள், பெருங்கப்பல் நுழையமுடியாத ஆழமற்ற நீர். இரு கரையிலும் ஒரே மொழி. கொள்வினை கொடுப்பினை உறவுகளும் உண்டு. யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை இக்கடலின் சிறந்த கப்பல் கட்டும் ஊர்களுள் ஒன்று. அவ்வூர்க் கலங்கள் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசியும் தேக்கும் கொண்டுவந்தன.

அவ்வூர் மாலுமிகளின் திறமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். 1930-ஆம் ஆண்டில் அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இரு பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். 89 அடி நீளமே கொண்ட அக்கலத்தை வல்வெட்டித்துறைத் தண்டல் ஒருவரும் அவ்வூர் மாலுமிகளும் 1937-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செலுத்திப் புறப்பட்டனர். ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாகச் சென்று, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். நம் கரைகளுக்கிடையே சரக்கேற்றிய ஒரு நாட்டுக் கப்பல் காற்றையே துணையாகக் கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவிட்டது!

இத்தகைய மாலுமிகளின் ஊர் பத்து இருபது ஆண்டுகளுக்குள் கடத்தற்காரர் ஊர் என்று செய்தித்தாள்களில் பேசப்படலாயிற்று. இடையில் நடந்தது என்ன? நீராவிக் கப்பலும் இருப்புப் பாதையும் பாய்க்கப்பலின் சரக்கைப் பறித்தன. இரண்டாம் உலகப்போரில் பர்மா வணிகம் அறுந்தது. 1947-இல் இந்தியாவும் 1948-இல் இலங்கையும் தனித்தனி விடுதலை நாடுகளாயின. கடவுச்சீட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடைகளும் வந்தன. அக்கா வீட்டுத் திருமணத்துக்குப் புடவையும், தம்பி கடைக்குக் கிராம்பும் கொண்டுசென்ற பழைய பயணமே இப்போது குற்றமாகிவிட்டது. கடலும் கலமும் கைத்திறனும் அப்படியே இருந்தன. நேர்வழிச் சரக்கு மட்டும் இல்லை. அவ்விடத்தைக் கள்ளச் சரக்கு நிரப்பியது.

அப்போதுதான் கலங்களும் மாற்றியமைக்கப்பட்டன. பாயோடிய வள்ளங்களில் மோட்டார்கள் பொருத்தப்பட்டன. ஒன்று போதாதென்று இரண்டும் மூன்றும் பொருத்தினர். சரக்கறையின் அடியில் பொய்த் தளமும் மறைவிடமும் தோன்றின. இதே காலத்தில் அரபிக்கடலில் துபாயிலிருந்து பம்பாய்க் கரைக்குத் தங்கம் கொண்டுவந்த மரக்கலங்களும் வலிமை மிக்க எந்திரங்களைப் பெற்றன. சுங்கத்துறைப் படகின் விரைவு கூடக் கூட, கடத்தற்கலத்தின் விரைவும் கூடியது. விண்வெளிக் கதையில் நீங்கள் காணும் விரைவுக் கலத்துக்கு உண்மையான முன்னோடிகள் இவைதாம்.

ஆனால் கதையில் காணாத ஒன்று வரலாற்றில் உண்டு. கதையில் கலத்தைச் செலுத்துபவனே அதன் உடைமையாளன். இடர்ப்படுபவனும் அவனே, ஊதியம் பெறுபவனும் அவனே. நம் கடலில் பெரும்பாலும் அப்படி இல்லை. சரக்குக்கு முதல் போட்டவர் கரையில், மாடி வீட்டில் இருப்பார். அவர் பெயர் எந்தச் சீட்டிலும் இராது. நள்ளிரவில் புயலையும் துப்பாக்கியையும் எதிர்கொள்பவன் கூலிக்குச் சென்ற மீனவ இளைஞன். பிடிபட்டால் சிறை அவனுக்கு. பறிபோகும் படகு சில வேளைகளில் அவன் குடும்பம் கடன்பட்டு வாங்கியது. பிற்காலத்தில் அவ்வழியே போர்க்கருவிகளும் போதைப் பொருள்களும் சென்றபோது, கடற்கரை மக்கள் அனைவர் மீதும் ஐயம் படர்ந்தது. நேர்மையாக வலை வீசச் சென்றவனும் சோதனைக்கும் துன்பத்துக்கும் ஆளானான். நாட்டின் கருவூலம் இழந்தது ஒரு பங்கு என்றால், கடலோர ஏழைகள் இழந்தது அதனினும் பெரிது. ஆதலின் கடத்தற்காரனை வீரனாகக் கொண்டாடுவது வரலாற்றை அறியாதார் செயல்.

அவ்வாறே, ஒரு கடற்கரையை முழுவதும் கள்வர் கரை என்று பழிப்பதும் அறியாமையே. இந்தியாவில் 1968-ஆம் ஆண்டில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தங்கக் கடத்தலும் செழித்தது. 1974-ஆம் ஆண்டில் கடத்தற்காரரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் கடுஞ்சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கடத்தல் ஒழியவில்லை. 1990-ஆம் ஆண்டில் தங்கக் கட்டுப்பாடு நீங்கி, 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் குறைந்த வரி கட்டித் தங்கம் கொண்டுவரலாம் என்றானபோது, அக்கடத்தல் வெகுவாகத் தணிந்தது. 2013-ஆம் ஆண்டில் இறக்குமதி வரி நூற்றுக்குப் பத்தாக உயர்ந்ததும் இராமேசுவரம், மண்டபம் கரைகளில் தங்கம் மீண்டும் பிடிபடலாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வரி பதினைந்திலிருந்து ஆறாகக் குறைக்கப்பட்டபோது, கடத்தலின் ஊதியத்தைக் குறைப்பதும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. நூற்றாண்டுகள் கடந்தாலும் பிட் கற்ற பாடம் மாறவில்லை.

மற்றுமோர் எடுத்துக்காட்டு உங்களுக்கு நகைப்பையும் சிந்தனையையும் ஒருங்கே தரும். இலங்கை அரசாங்கம் தன் நாட்டு உழவரைக் காக்கும் பொருட்டு, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்தது. அங்கே விலை பன்மடங்கு உயர்ந்தது. உடனே தமிழ்நாட்டுக் கரைகளிலிருந்து படகுகளில் மஞ்சள் கடத்தப்படலாயிற்று. முகத்துக்குப் பூசுவதும், குழம்பில் இடுவதும், பொங்கற்பானையில் கட்டுவதுமான மங்கலப் பொருள் கள்ளச் சரக்காயிற்று! சுங்க அதிகாரிகள் மூட்டை மூட்டையாக மஞ்சளைப் பிடித்தனர். மஞ்சளில் குற்றம் இல்லை. படகில் குற்றம் இல்லை. இரண்டு கரைகளுக்கிடையே எழுந்த விலை வேறுபாடே படகோட்டியை அழைத்தது. ஆயினும், உள்நாட்டு உழவரைக் காக்க ஓர் அரசு தடை விதிக்கக்கூடாது என்றும் நாம் கூறிவிட முடியாது. கோடு வரைபவர் அதற்குரிய விலை என்ன, அவ்விலையை யார் கொடுப்பார் என்று எண்ணி வரைய வேண்டும் என்பதே வரலாறு கூறும் அறிவுரை.

தோணி இன்னும் அழிந்துவிடவில்லை. தூத்துக்குடியில் மரத்தோணிகள் இந்நூற்றாண்டிலும் சரக்கேற்றி மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சென்றுள்ளன. காய்கறியும் கட்டடப் பொருள்களும் அவற்றின் சரக்கு. பாயோடு எந்திரமும் சேர்ந்திருக்கிறது. கூரிய உளியும் பழகிய கண்ணும் கொண்டு அவற்றைக் கட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். நேர்வழிச் சரக்கும் உரிய கூலியும் கிடைக்குமாயின், தோணிக்காரன் இருளைத் தேடிப் போகவேண்டியதில்லை என்பதற்கு அவையே வாழும் சான்று.

மாணவர்களே, வரலாறு அரண்மனைகளில் மட்டும் இல்லை. உங்கள் ஊர்ப்பெயரில் சாவடி என்றோ, துறை என்றோ, பட்டினம் என்றோ ஒரு சொல் இருந்தால், அதன் பின்னே சரக்கும் வண்டியும் வரியும் கலந்த ஒரு கதை இருக்கக்கூடும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சுங்கப் பதிவுகளும் மாவட்டக் குறிப்புகளும் காத்துக்கிடக்கின்றன. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் பழைய கலங்களின் உறுப்புகளுக்கும் கயிறுகளுக்கும் காற்றுகளுக்கும் பெயர் சொல்லக்கூடிய முதியவர்களைத் தேடிப் பாருங்கள். அச்சொற்கள் பல இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள்.